தடைக்காலத்தில் மீன் வாங்கலாமா? துடுப்புப் படகு, ஃபைபர் படகு, விலக்கு பற்றி

#1 புழுதிவாக்கத்தான்

வணக்கம் நண்பர்களே. ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்று எல்லாச் செய்தியிலும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனால் மீன் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பக்கம் ஐஸ் பெட்டியில் வந்த வெளிமாநில மீன். இன்னொரு பக்கம் அன்று காலையில் பிடித்த நெத்திலி, சங்கரா. விற்கிற அக்காவிடம் கேட்டால், "இது சின்ன போட்டு மீனு தம்பி, அதுக்குத் தடை கிடையாது" என்றார். வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் எட்டாவது படிக்கும் மகள் பிடித்துக்கொண்டாள். "மீன் முட்டையிடும் காலம் என்றுதானே தடை போட்டிருக்கிறார்கள், சின்னப் படகில் பிடித்தால் மட்டும் முட்டை தப்பித்துவிடுமா?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கையால் துடுப்பு போட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா, அவர்களுக்காகத்தான் இந்த விலக்கா, நான் வாங்கியது சரியா? கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 அமரம்

நான் பாம்பன் பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாட்டுப்படகுதான், அதனால் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவோம். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001-இல் ஆரம்பித்தபோது 45 நாள்தான். 2017-இல் 61 ஆக்கினார்கள். தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும். நாட்டுப்படகு போகலாம். அந்த அக்கா சொன்னது சரி, நீங்கள் வாங்கியதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். இழுவை மடி என்பது கடலின் தரையைத் தொட்டுக்கொண்டு போகிற பை. அதன் வாயை அகலத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கனமான பலகை, அடியில் சங்கிலி. போகிற வழியில் இருக்கிற பாசி, சங்கு, நண்டுக் குஞ்சு, விலைக்கு ஆகாத பொடிமீன் எல்லாம் உள்ளே வரும். பாதி கோழித்தீவன ஆலைக்குத்தான் போகும். நாங்கள் விடுவது நிற்கிற வலை. நண்டுக்கு ஒரு கண் அளவு, முரலுக்கு ஒரு கண் அளவு, சூடைக்கு ஒன்று. அதைவிடச் சின்ன மீன் கண்ணுக்குள் நுழைந்து போய்விடும். முட்டை நண்டு சிக்காது என்று சொல்ல மாட்டேன். சிக்கும். ஆனால் நாலு பேர் தண்டு, அதாவது துடுப்பு, வலித்துப் போய் விடுகிற வலைக்கும், இருநூறு குதிரைத்திறன் எஞ்சின் இழுக்கிற மடிக்கும் ஒரே கணக்கு போட முடியாது இல்லையா?

#3 குளச்சல்வாசி

சின்னத் திருத்தம். தமிழ்நாடு முழுக்க ஏப்ரல் 15 இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு தடை உண்டு. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடலில் சேர்த்தி, அங்கே ஏப்ரல் 15. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்கு, எங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் மூடியிருக்கும்போது அடுத்தது திறந்திருக்கும். மே மாதம் நாகர்கோவில் சந்தையில் மீனுக்குப் பஞ்சம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

#4 கணக்குப்பிள்ளை

அமரம் அண்ணன் அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் மூலக்கேள்வியை நைசாகத் தாண்டிவிட்டார். கேட்டவர் கேட்டது கையால் துடுப்பு போடுகிறவர்களைப் பற்றி. தடைக்காலத்தில் காசிமேட்டுக்கும் கடலூருக்கும் வருகிற "சின்ன போட்டு" மீனில் பெரும்பகுதி ஃபைபர் படகில் வருவது. பின்பக்கம் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் தொங்கும், கையில் ஜி.பி.எஸ். இருக்கும். இதை "பாரம்பரிய மீன்பிடி" என்று சொல்லி விலக்கு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒன்றிய அரசு ஆண்டுதோறும் போடுகிற தடை உத்தரவைப் பாருங்கள். அதில் விலக்கு இயந்திரம் பொருத்தாத பாரம்பரியப் படகுகளுக்கு மட்டும்தான். ஆனால் அந்த உத்தரவு செல்லுபடியாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால். கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் துடுப்பு வலித்துப் போகிறவர் இன்று எத்தனை பேர்? போகவே முடியாத இடத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவர் போகிற 12 மைலுக்குள் மாநிலத்தின் விதி. அங்கே எஞ்சின் மாட்டிய ஃபைபரும் எஞ்சின் இல்லாத வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகும் ஒரே தட்டில். ஆக துடுப்புக்காரருக்கென்று தனியாக எங்கேயும் எதுவும் இல்லை.

#5 அமரம்

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் படகிலும் எஞ்சின் இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்ததெல்லாம் ஃபைபர் படகு. அதுவரை கட்டுமரத்தில் போனவர்கள்கூட அதற்கு மாறினார்கள். கட்டுமரத்துக்கு மரம் கிடைப்பதும் கஷ்டம், தினமும் கரையேற்றி அவிழ்த்துக் காயவைக்கவும் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் யார் அதைச் செய்வார்கள்?

ஆனால் துடுப்பு செத்துப்போய்விட்டது என்று எழுதாதீர்கள். பாக் விரிகுடாவில் கரையோரம் ஆழமே கிடையாது. மண்டபத்திலிருந்து தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கம் வரை பல இடங்களில் வெகுதூரத்துக்கு இடுப்பளவு, நெஞ்சளவுத் தண்ணீர்தான். அதில் எஞ்சின் போட்டால் விசிறியில் பாசி சுற்றிக்கொள்ளும். அங்கே வத்தைதான். இரண்டு பேர், மூன்று பேர். கம்பு ஊன்றித் தள்ளுவார்கள், ஆழம் வந்ததும் தண்டு வலிப்பார்கள், காற்று சாதகமாக இருந்தால் பாய். சாயங்காலம் நண்டு வலையைப் போட்டுவிட்டு வந்து, விடியும் முன் போய்த் தூக்குவார்கள். அணியத்தில், அதாவது முன்பக்கம், ஒருவர் வலையை வாங்கிக்கொண்டே இருப்பார், அமரத்தில், அதாவது பின்பக்கம், இருப்பவர் வத்தையை நீரோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டே இருப்பார். பேச்சே இருக்காது. என் மாமா இன்னும் அப்படித்தான் போகிறார். எஞ்சின் வாங்கித் தருகிறேன் என்றால், "எண்ணெய்க்கு யாருடா மீன் பிடிப்பான்" என்பார்.

தடைக்காலம் மாமாவுக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன், இதை வெளியே யாரும் எழுதுவதில்லை. விலை ஏறுவது இரண்டாவது விஷயம். ராத்திரி கடலில் கிடக்கிற வலை காலையில் முழுசாக இருக்கும், அதுதான் முதல் விஷயம். மற்ற மாதங்களில் எங்கள் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு. திங்கள், புதன், சனி அவர்கள் நாள். அவர்கள் நாளில் வலை போட்டு வைத்திருந்தால், இழுவை மடி அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். மிதவைகூடக் கிடைக்காது. ஒரு நண்டு வலைத் தொகுதி போனால் வட்டிக்கு வாங்கித்தான் அடுத்தது கட்ட வேண்டும். தடைக்காலத்தில் அந்தப் பயம் கிடையாது. ஏழு நாளும் அவர் கடல்.

#6 மன்னார்க்கரை

நான் இலங்கையில் மன்னார். இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அமரம் கடைசியாக எழுதியதைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் திங்கள், புதன், சனி எங்களுக்கும் மனப்பாடம். அந்த இரவுகளில் எங்கட ஆட்கள் வலை படுக்கிறதைக் குறைத்துக்கொள்வார்கள். இந்திய இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருகிற நாட்கள் அவைதான். எங்கள் நாட்டில் 2017-இலேயே இழுவை மடிக்குச் சட்டப்படி தடை வந்துவிட்டது. அப்படியிருந்தும் வலை அறுந்த கதை குறையவில்லை. வருடத்தில் நாங்கள் நிம்மதியாகத் தொழில் செய்கிறது உங்கள் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் நடுவில் தொடங்கி இரண்டு மாதம். பேசாலைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், அரசியல் பேசாத ஆள்கூட இதைச் சொல்லுவார்.

இன்னொன்று. கரைவலையையும் பாரம்பரியம் என்றுதான் சொல்கிறோம். வள்ளத்தில் போய் வளைத்துவிட்டுக் கரையில் நின்று கையால் இழுக்கிற தொழில். இப்போது எங்கள் பக்கம் சிலர் டிராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். அது பெரிய பிரச்சினையாகக் கிடக்கிறது. எஞ்சின் படகில் இல்லை, கரையில் இருக்கிறது. இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள், கணக்குப்பிள்ளை?

#7 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. என் தட்டு எளிமையானது: கடலிலிருந்து எவ்வளவு எடுக்கிறது, எந்த அளவு மீனை எடுக்கிறது. கையா, எஞ்சினா என்பது அதற்கு ஒரு அடையாளமாக இருந்தது. இப்போது அடையாளம் பிசகிவிட்டது.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே 1980-களில் நாட்டுப்படகு மீனவர்கள் வருடக்கணக்கில் போராடித்தான் 1988-இல் மழைக்கால இழுவைமடித் தடையைக் கொண்டுவந்தார்கள். போராடியவர்களுக்கு விலக்கு, நியாயம்தான். பிறகு அதே வள்ளங்கள் பெரிதாகின, உள்ளேயே எஞ்சின் பூட்டினார்கள், நாற்பது ஐம்பது பேர் ஏறி, மீன் கூட்டத்தைப் பெரிய வலையால் வட்டமாக வளைக்கிற ரிங் சீன் வள்ளங்கள் வந்தன. 2007-இல் தனிச்சட்டம் போட்டு அவற்றுக்கும் மழைக்காலத்தில் மேல்மட்ட மீன் பிடிக்க அனுமதி உறுதியானது. மத்தி முட்டையிடுவது பெரும்பாலும் அந்தத் தென்மேற்குப் பருவத்தில்தான். தடை யாருக்கு, எதற்கு என்று குழம்பிப்போனது அங்கே. கடைசியில் குறைந்தபட்ச அளவு என்று வைத்தார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக்கூடாது, அயிலை என்றால் 14. படகைப் பார்க்காமல் மீனைப் பார்க்கிற இந்த விதிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

#8 செவுள்

மீன்வளம் படித்தவன். முட்டைக்கேள்விக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வெப்பமண்டலக் கடலில் எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் ஆண்டு முழுக்க இடும், இனத்துக்கு இனம் உச்சம் மாறும். ஏப்ரல்-ஜூனில் உச்சம் உள்ளவை சில உண்டு, ஐப்பசி-கார்த்திகையில் இடுபவையும் உண்டு. அதனால்தான் "தடையை அக்டோபருக்கு மாற்று" என்ற கோரிக்கை மீனவர்களிடமிருந்தே அடிக்கடி வருகிறது. அவர்கள் சொல்வது வெறும் சாக்கு அல்ல. வடகிழக்குப் பருவத்தில் எப்படியும் பாதி நாள் கடலுக்குப் போக முடியாது என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டார்கள், நாமே புரிந்துகொள்ள வேண்டும்!

என் பார்வையில் இந்த 61 நாளின் முக்கியப் பயன் வேறு. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் இரண்டு மாதம் நிற்கின்றன. கடல்தரை கிளறப்படுவது நிற்கிறது. பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளுக்கு இது பெரிய விஷயம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசு காப்பகமாக அறிவித்தது அந்தப் புல்வெளிகளை வைத்துத்தான். அந்தப் புல்லுக்கு மேல் ஒரு வத்தை தண்டு வலித்துப் போனால் ஒன்றும் ஆகாது.

அதற்காகக் கையால் செய்வதெல்லாம் புனிதம் என்று நினைக்க வேண்டாம். கரைவலையின் கடைசிப் பை கொசுவலை மாதிரி இருக்கும். அதில் வருகிற பொடியைப் பார்த்தால் உங்கள் மகள் அழுதுவிடுவாள்.

#9 கூடைக்காரி மகள்

எல்லாரும் கடலிலேயே நிற்கிறீர்கள். கரைக்கு வாருங்கள்.

என் அம்மா மீன்கூடை தூக்கினவர். நாகை மாவட்டம். தடைக்காலத்தில் வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று செய்தி வரும், உடனே மீனவர்கள் அள்ளிக் குவிக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். வஞ்சிரம் பிடிக்கிற ஆழத்துக்குத் துடுப்பு வத்தை போகாது. அது கொண்டுவருவது கொஞ்சம் நண்டு, கொஞ்சம் கணவாய், குழம்புக்கு ஆகிற பொடிசுகள். நண்டும் கணவாயும் ஏற்றுமதிக்கு. கம்பெனிக்கு எடுத்துக்கொடுக்கிற ஏஜெண்டு வலை வாங்க ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருப்பார். அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. சந்தையில் விலை ஏறினால் அந்த ஏற்றம் வத்தைக்குப் பக்கத்தில்கூட வராது. குழம்பு மீன்தான் கைக்காசு. அதை விற்பது பெண்கள். தடைக்காலத்தில் துறைமுகத்தில் ஏலமே இல்லாததால், இந்தக் கொஞ்ச மீனுக்காக விடியற்காலையில் கரையில் காத்துக் கிடப்பார்கள். பத்துக் கூடை மீனுக்கு முப்பது பேர்.

பாதி நாள் வெறுங்கூடையோடு அம்மா திரும்பினதைப் பார்த்திருக்கிறேன். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். அதுவும் தடை முடிகிற நேரத்தில் கணக்கில் ஏறினால் இடையில் என்ன செய்வது? அப்புறம் மாமா, அண்ணன் என்று பாசமாகப் பேசுகிறீர்கள், நல்லது. கூடைக்காரியையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#10 அமரம்

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. முன்பணம் வாங்கின வீட்டுக்காரன் நான்.

மானியத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், எஞ்சின் மாட்டிய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்று இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் 19,000 என்றும் 4,400 என்றும் உயர்த்தி அறிவித்தார்கள். தண்டு வலிக்கிற மாமாவுக்கு? டீசலே குடிக்காதவருக்கு டீசல் மானியம் எப்படித் தருவது என்று கேட்பார்கள். சரி. அந்தக் காசுக்கு நண்டு வலை கொடுக்கலாமே. நல்ல பாய்த்துணி கொடுக்கலாமே. பலகை மாற்ற உதவலாமே. எரிபொருளை வைத்தே எல்லா உதவியையும் அளந்தால், உதவி வேண்டுமென்றால் முதலில் எஞ்சின் வாங்கு என்றுதான் அர்த்தமாகிறது. நானே அப்படித்தான் வாங்கினேன்.

ஏழு நாளும் அவர் கடல் என்று எழுதினேன் அல்லவா, அதிலும் ஒரு கழிவு உண்டு. மே பாதிக்கு மேல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிடும். தென்கடலில், நாங்கள் ஆண்கடல் என்போம், அலை தூக்கும். அங்கே துடுப்பு வைத்துப் போக முடியாது. வடகடல், பெண்கடல், அப்போது கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். வத்தை வடக்கே இருந்தால் பிழைத்தார். தெற்கே இருக்கிற ஊர்க்காரர்களுக்குத் தடை இல்லாமலே தடைதான்.

#11 விசைவீட்டுப்பிள்ளை

விசைப்படகைப் பேய் மாதிரி வரைந்துவிட்டீர்கள், பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஒரு படகு, ஊர் பெயர் வேண்டாம். தடைக்காலத்தில் அதைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் அடித்து, எஞ்சின் இறக்கிப் பார்த்து முடிப்பதற்குள் லட்சக்கணக்கில் போய்விடும், அதுவும் கடனில்தான். படகில் வேலை செய்கிற ஆட்கள் முதலாளிகள் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் கட்டட வேலைக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். சிலர் நாட்டுப்படகில் கூலிக்கு ஏறுகிறார்கள். விலக்கால் அவர்களுக்கும் சோறு கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. சில ஊர்களில் ஃபைபர் படகிலேயே சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற வலை) போடுகிறார்கள், அதுவும் தடைக்காலத்தில். தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000-லிருந்தே தடை. உச்ச நீதிமன்றம் 2023-இல் 12 மைலுக்கு வெளியே வாரம் 2 நாள் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது தனிக்கதை. நாங்கள் கட்டிப்போட்ட நேரத்தில் அந்தப் படகு நாட்டுப்படகு என்ற பெயரில் கரையோரம் வளைத்து அள்ளினால் எங்கள் ஆட்களுக்கு வயிறு எரியாதா?

#12 கணக்குப்பிள்ளை

இதைத்தான் நான்காவது பதிவிலிருந்து சொல்கிறேன். விலக்கை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. படகின் பெயருக்குக் கொடுக்காமல் வலைக்குக் கொடுங்கள். நிற்கிற வலை, தூண்டில், நண்டு வலை, கூடு என்றால் எஞ்சின் இருந்தாலும் போகட்டும். வளைத்து அள்ளுவது என்றால் எஞ்சின் இல்லாவிட்டாலும் நிற்கட்டும்.

#13 அமரம்

கரைவலைக்காரர்களை நிறுத்தினால் தனுஷ்கோடியில் உங்களை வலையில் சுற்றிக் கடலில் போடுவார்கள். அவர்கள் நாளெல்லாம் வெயிலில் கயிறு இழுத்து, சில நாள் வெறும் பையைத்தான் பார்க்கிறார்கள். கடைசிப் பையின் கண்ணைப் பெரிதாக்கு என்று சொல்லுங்கள், கேட்பார்கள். அது ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அதிகாரி வந்து சொன்னால் நடக்காது. மற்றபடி நீங்கள் சொல்கிற கணக்குக்கு என் ஓட்டு உண்டு.

#14 புழுதிவாக்கத்தான்

நான் ஒரு கிலோ நெத்திலி பற்றிக் கேட்டேன், இவ்வளவு வந்துவிட்டது! நன்றி. மகளிடம் முழு இழையையும் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவள் கேள்வி மாறிவிட்டது: கடையில் நிற்கும்போது, இது துடுப்புப் படகு மீனா, எஞ்சின் படகு மீனா, லாரி மீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#15 கூடைக்காரி மகள்

துடுப்பா எஞ்சினா என்று மீனைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் துடுப்பு மீன் கிடைப்பதும் அபூர்வம். லாரி மீனைக் கண்டுபிடிக்கலாம். பெட்டி பெட்டியாக ஒரே அளவில், ஒரே இனமாக இருக்கும், கண் குழிந்திருக்கும், செவுள் பழுப்படித்திருக்கும். கரை மீன் கலந்து வரும். ஒரு கூடையில் நாலு வகை, அளவும் முன்னே பின்னே, செவுள் ரத்தச்சிவப்பு. காலை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். பத்து மணிக்குப் போய்க் கரை மீன் கேட்டால் எங்கிருந்து வரும்?

தங்கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நெத்திலி வேண்டுமானால் சாப்பிடட்டும், அது வளர்ந்தாலும் அவ்வளவுதான். விரல் நீளச் சங்கரா, கைக்குள் அடங்குகிற வஞ்சிரக் குஞ்சு, வயிற்றில் முட்டை ஒட்டின நண்டு, இந்த மூன்றையும் விற்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். வாங்குகிறவர் வேண்டாம் என்றால் ஏஜெண்டு எடுக்க மாட்டார், அவர் எடுக்காவிட்டால் கடலிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

#16 குளச்சல்வாசி

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், சென்னைக்காரரே. ஜூன் 1-இல் எங்கள் பக்கம் மூடும். ஜூன் 9 நள்ளிரவோடு கேரளமும் மூடும், அவர்களுக்கு 52 நாள். உங்கள் பக்கம் 14 வரை திறக்காது. அந்த நாலைந்து நாளில் லாரியும் இருக்காது, விசைப்படகும் இருக்காது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். கருவாடு வாங்கி வையுங்கள். 15-ஆம் தேதி காலையில் ஓடாதீர்கள், அன்றுதான் படகுகள் கிளம்பியிருக்கும். தங்கல் போடுகிற, அதாவது கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கிற, பெரிய படகுகள் திரும்ப இன்னும் சில நாள் ஆகும்.